இன்னிக்கு மட்டும் திட்டாதே, பெரல்

— இன்னிக்கு ஒரு நாள் அவரைத் திட்டாத, பெரல். கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

— திட்டாமலா? என்ன பேசறீங்க பேஷாம்மா? முப்பது வருஷமா உங்க வீட்டுக்காரர் இந்த மேசைக்கு வர்றதே இந்தச் சர்வர் திட்டறதைக் கேக்கத்தான். பாஸ்ட்ராமி இறைச்சி இந்த பிராங்க்ஸ் ஊரு பூரா கெடைக்குது. என் வாய் மாதிரி ஒரு வாய் எந்த யூதக் கடையில கெடைக்கும்? எனக்கும் வேற போக்கிடமில்ல. வீட்டுல பொண்டாட்டி, மூணு பொண்ணுங்க. அவங்க நாலு பேருக்கு நடுவுல நான் கொட்டாவி விடக்கூட வாயத் தொறக்க முடியாது. ஒரு பையனாவது பொறந்திருந்தா அவனைத் திட்டிட்டு இருந்திருப்பேன். இங்க வந்துதான் ஆசை தீரத் திட்டறேன். அதையும் வேணாங்கறீங்க.

— வெளையாடாத. அவர் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள சொல்லி முடிக்கணும். போன வாரம் பெரிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்ல...

— பிரஷருக்குன்னு சொன்னீங்க.

— அவர்கிட்ட அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன். பிரஷர் இல்ல. ஞாபகம் போகுதாம். ஒரு கடிகாரம் வரையச் சொன்னாங்க. நம்பர் எல்லாத்தையும் ஒரே பக்கமா எழுதிட்டு, 'ஏன், உங்க ஆஸ்பத்திரியில கடிகாரம் வாங்க வக்கில்லையா'ன்னு டாக்டரைக் கேட்டாரு. நர்ஸ் சிரிச்சா. நான் சிரிக்கல. அவரை வெளியில அனுப்பிட்டு டாக்டர் சொன்னாரு, கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் போயிடுமாம். மருந்து இருக்கான்னு கேட்டேன். அவர் கையில இருந்த பேனாவையே பாத்துட்டு இருந்தாரு.

— அடக் கடவுளே.

— அவருக்குத் தெரியாது, பெரல். தெரியவும் கூடாது. அவங்க அப்பா இப்படித்தான் போனாரு. கடைசியில பெத்த மகன் அவ்ரமே சோறூட்டப் போனா, 'தபால்காரனுக்கு எதுக்கு இந்த வேலை'ன்னு கேட்டாரு. அதே வியாதி தனக்கும்னு தெரிஞ்சா மனுஷன் அன்னிக்கே படுத்துடுவாரு.

— நான் என்ன பண்ணணும்? சொல்லுங்க.

— எதுத்துப் பேசாத. என்ன சொன்னாலும் ஆமான்னு சொல்லு. தப்பாச் சொன்னாலும் ஆமா. திருத்தினா பயந்து போயிடுவாங்களாம்.

— நானா? ஆமாவா? என் நாக்குக்கு அது பழக்கமே இல்லையேம்மா.

— பழகிக்கோ. உஷ், வர்றாரு.

— ரொட்டியைக் கிட்டத் தள்ளி வையுங்க. கை கழுவினா, ஜெபம் சொல்லி அதைக் கடிக்கிற வரைக்கும் வேற பேச்சுக்கு வாயத் தொறக்க மாட்டாரு. இந்தக் கடையில எனக்குன்னு இருக்கிற நிம்மதியே அந்த ஒரு நிமிஷம்தான்.

— பூமியிலேர்ந்து ரொட்டியைக் கொண்டு வர்ற எங்க ஆண்டவரே, உமக்கே புகழ்... ம். என்ன பெரல், ரொட்டி நேத்து சுட்டதா?

— ஆமென். இல்ல, காலையில... ஆமாங்க ஐயா. நேத்து சுட்டதுதான்.

— என்னடா ஐயாங்கற? எப்பவும் 'வா மகராசா'ம்ப. மகராசா எங்க போனான்?

— வயசாகுதில்லீங்களா. ஒரு மரியாதைக்கு...

— மரியாதையா? பேஷா, இவனுக்கு ஜுரமான்னு நெத்தியைத் தொட்டுப் பாரு.

— சும்மா இருங்க அவ்ரம். சூப் வந்திருச்சு பாருங்க. குடிங்க.

— ஆறிப்போன சூப்பை எப்படிக் குடிக்கிறது?

— ஆறிப் போச்சா? இப்பத்தானே அடுப்புலேர்ந்து... ஆவி பறக்கு... ஆமாங்க ஐயா, ஆறித்தான் போச்சு. மாத்திக் கொண்டு வரேன். மன்னிச்சிடுங்க.

— பேஷா, கேட்டியா? மன்னிக்கணுமாம். ஒரு தடவை முழுக் கிண்ணத்தையும் என் மடியில கொட்டிட்டு, 'சூப் போற வழியில எதுக்குய்யா மடிய வெச்ச'ன்னு கேட்டவன் இவன். இன்னிக்கு மன்னிப்புக் கேட்டுட்டுப் போறான்.

— பாவம், அவனுக்கு வேலை ஜாஸ்தி. வெள்ளரிக்கா ஊறுகா எடுத்துக்கோங்க.

— நீ மட்டும் என்ன? காலையில மூக்குக் கண்ணாடியைக் காணோம்னு வீடு பூராத் தேடினேன். ஃபிரிட்ஜுல முட்டைக்குப் பக்கத்துல இருந்துச்சு. பழைய பேஷாவா இருந்தா தெருக்கோடி வரைக்கும் கேக்கற மாதிரி கத்தியிருப்பா. நீ 'பரவால்ல'ன்னு தொடச்சுக் குடுத்த.

— கண்ணாடிதானே. அதுக்கெல்லாம் கத்துவாங்களா?

— நீ கத்துவ.

— இந்தாங்க ஐயா, சூடா சூப்பு. பாஸ்ட்ராமியும் கையோட கொண்டு வந்துட்டேன். ஓரத்துல கொழுப்பு இருக்கிறதாப் பாத்து வெட்டச் சொன்னேன். ரை ரொட்டி, கடுகு விழுது தனிக் கிண்ணத்துல.

— சபாஷ். அது சரி, உன் பையன் எப்படியிருக்கான் பெரல்?

— என்... என் பையனா?

— மூத்தவன்டா. நோகம். பல் டாக்டருக்குப் படிச்சானே.

— நோகம்... ஆமாங்க. நல்லா இருக்கான். படிச்சு முடிச்சுட்டான்.

— கல்யாணம்?

— ஆச்சுங்க. பேஷாம்மா, ஆச்சுல்ல? போன மாசந்தான் ஆச்சு.

— எங்களைக் கூப்பிடவே இல்லையே.

— சின்னதா, வீட்டோட... குடும்பத்துக்குள்ளயே முடிச்சுட்டோம்.

— விடுங்க அவ்ரம். எல்லாரையும் கூப்பிட முடியுமா? சாப்பிடுங்க.

— சாப்பிட்டுட்டுத்தானே பேசறேன். இதோ, கடைசி வாய். பாரு, தட்டுல ஒரு துணுக்கு மிச்சமில்ல. நெஞ்சைக் கொஞ்சம் அடைக்குது. பெரல், ஒரு கிளாஸ் பால் கொண்டு வா.

— என்ன கேட்டீங்க?

— பால். பசுமாட்டுப் பால். நல்லா சில்லுன்னு.

— அவ்ரம்...

— என்ன பேஷா? பால் கேட்டது தப்பா?

— இல்ல. தப்பில்ல. யாரு தப்புன்னா? பெரல், அவருக்கு ஒரு கிளாஸ்...

— பேஷாம்மா, இறைச்சி விக்கிற கடைம்மா இது. ஒரு சொட்டுப் பால் இந்த வாசப்படியைத் தாண்டினதில்ல. தாண்டினா நம்ம மத குரு ரபி வந்து கடையைப் பூட்டிட்டுப் போயிடுவாரு. நான் எங்க போயி...

— பெரல். உன்கிட்ட கெஞ்சிக் கேட்டேனே.

— சரி... சரிங்க ஐயா. உள்ள இருக்கும். வெள்ளையா ஏதோ சோயா... பால் இருக்கும். இதோ கொண்டு வரேன்.

— நில்லு. இப்படி உக்காரு.

— சர்வர் உக்காரக் கூடாதுங்க ஐயா.

— உக்காருடா! பாலும் இறைச்சியும் ஒரு வயித்துல சேரக் கூடாதுங்கறது, நான் என் பேரைச் சொல்லக் கத்துக்கறதுக்கு முன்னாடி கத்துக்கிட்டது. உனக்கும் அப்படித்தான். போன மாசம் நான் இதைக் கேட்டிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? நான் சொல்றேன். அந்தக் கடுகுக் கிண்ணத்தை என் தலையில கவுத்திருப்ப. தெருவுல போறவனையெல்லாம் உள்ள கூப்பிட்டு என்னைக் காட்டியிருப்ப. உனக்கு மூணும் பொண்ணு. நோகம் இப்ப இந்த மேசையில பொறந்தவன். நான் பெத்தேன், நீ படிக்க வெச்சுக் கல்யாணமும் பண்ணிட்ட. ஆறிப் போச்சுன்னு நான் சொன்ன சூப்பு என் நாக்கைப் பொசுக்கிருச்சு.

— அவ்ரம்! அப்ப எல்லாம் வேணும்னேவா?

— வேணும்னேதான். டாக்டர் என்னை வெளியில உக்கார வெச்சுட்டு உன்கிட்ட அவ்வளவு நேரம் பேசினாரே, பிரஷருக்கா? நீ வெளியில வந்ததும் குனிஞ்சு என் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்ட. அன்னியிலேர்ந்து என்னை ஒரு வார்த்தை திட்டல. உன்கிட்ட கேட்டா அழுவ. பெரல்கிட்ட கேப்போம், அவன் வாய்க்குப் பொய் வராதுன்னு நெனச்சுத்தான் இங்க வந்தேன். அவன் என்னை ஐயாங்கறான். பால் தரேங்கறான்.

— மன்னிச்சிடுங்க அவ்ரம். எனக்கு வேற வழி தெரியல.

— எங்க அப்பா வியாதிதானே?

— ஆமா.

— ம். சரி. அழாத பேஷா. பயமாத்தான் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க ரெண்டு பேரும் இப்படி மெதுவாப் பேசறீங்க பாரு, வியாதியை விட அதுதான் பயமா இருக்கு. செத்தவன் காதுல விழக் கூடாதுன்னு பேசற மாதிரி. நான் தப்பாச் சொன்னா தப்புன்னு சொல்லுங்க. கத்துங்க. நீங்க கத்தற வரைக்கும் நான் இங்கதான் இருக்கேன்னு எனக்குத் தெரியும். வாக்குக் குடுங்க ரெண்டு பேரும்.

— குடுக்கறேன்.

— நீ, பெரல்?

— நானும் குடுக்கறேன் மகராசா... அடப் பாவி! கெழட்டுப் பிசாசே! என் பாதி உசுரை எடுத்துட்டியே! இல்லாத புள்ளைக்கு என்னைக் கல்யாணம் பண்ணி வெக்க விட்டியே, சம்பந்தி யாருன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா நான் எந்தச் சுவத்துல முட்டிக்குவேன்? பாலாம் பாலு! ரபி காதுல விழுந்தா உன்னையும் என்னையும் சேத்து வெள்ளரிக்கா பீப்பாயில ஊறப் போட்டுடுவாரு. வாங்கித் திங்கறது ஒரு சாண்ட்விச், அதுக்கு இம்மாம் பெரிய நாடகம்!

— ஆகா! இதான். கேட்டியா பேஷா? இதான் நம்ம பெரல்.

— கடவுளே, எனக்கு அழறதா சிரிக்கிறதான்னே தெரியல.

— சிரி. சிரிச்சுட்டுப் போவோம். ஏண்டா பெரல், இவ்வளவு வாய் பேசறியே, வந்து எவ்வளவு நேரமாச்சு? பேசியே வயித்தைக் காயப் போடற. என் பாஸ்ட்ராமி எங்க?

— போதும் மகராசா. ஒரு நாளைக்கு ஒரு நாடகம் போதும்.

— என்ன நாடகம்? பசிக்குதுடா. ரை ரொட்டி, கடுகு விழுது தனிக் கிண்ணத்துல. இன்னும் வெட்டவே ஆரம்பிக்கலையா?

— அவ்ரம்... இங்க பாருங்க. இந்தத் தட்டைப் பாருங்க.

— அதைத்தான் நானும் பாத்துட்டிருக்கேன். வெறும் தட்டைக் கொண்டு வந்து வெச்சுட்டு முழிக்கிறான். என்ன பேஷா, ஏன் கையைப் பிடிக்கிற?

— பெரல், வாக்குக் குடுத்திருக்கோம். நீ சொல்லு. என்னால முடியல.

— என்னடா சொல்லணும்? என்ன ரெண்டு பேரும் என்னையே பாக்கறீங்க?

— ஒண்ணுமில்லீங்க ஐயா. இதோ கொண்டு வந்துடறேன்.