கேட்டால்தான் துடக்கு

தோசைக்கு உளுந்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம். எங்கள் ஊர் கரம்பொன்னில் பாதிக் கிணறுகள் உப்புச் சவர். எங்கள் கடைக் கிணறு நல்ல தண்ணீர். என்னைப் பெற்ற ஐயா அந்தக் கிணற்றைப் பார்த்துத்தான் காணியையே வாங்கினார். உங்களுக்கும் எங்கள் தோசை தெரியும், தம்பி. சந்தியில் காவலுக்கு நிற்கும் உங்கள் இயக்கப் பொடியன்களுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அதற்கு முதலில் அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மன் கோயில் மடத்து அடுப்பு. ஆடித் திருவிழாவின் அன்னதானம் அதில்தான் சமைப்பது. அந்த அடுப்பை மூட்டும் உரிமை பாட்டன் காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு. கிடாரம் எங்களுடையது, அகப்பை எங்களுடையது, கை எங்களுடையது. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் தோசைக்காக வருவதாக நீங்கள் நினைக்கலாம். அப்படியல்ல. அம்மனுக்குச் சமைக்கிற கை என்று வருகிறார்கள். அடுப்புப் போனால் கடையும் போய்விடும். நான் கலியாணம் கட்டவில்லை. எனக்குக் கடைதான்.

அடுப்புக்கு ஒரே ஒரு சட்டம். துடக்குள்ளவன், தீட்டுப்பட்டவன், அதைத் தொடக் கூடாது. குடும்பத்தில் ஒரு சாவு விழுந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை துடக்கு.

எண்பத்து மூன்றில் எங்களுக்கு மாத்தறையில் இன்னொரு கடை இருந்தது. ஐயாவும் என் தம்பி நடராசாவும் அதைப் பார்த்தார்கள். நான் இங்கே இருந்தேன். அந்த ஆடிக் கலவரத்தில் கடையை எரித்தார்கள். நடராசா பின்மதிலால் ஏறிக் குதித்தான். ஐயாவுக்கு ஏறுகிற வயசில்லை. செய்தி இங்கே வந்து சேர்ந்தபோது மடத்தில் நான் அடுப்புக்குச் சாணம் மெழுகிக்கொண்டிருந்தேன். மறுநாள் கொடியேற்றம். கோயில் மணியகாரர் வாசலில் நின்றபடியே, "வெளியிலை வாரும், தில்லைநாதன். இனி அதைத் தொடாதையும்," என்றார். நான் சாணக் கையோடு வெளியே வந்தேன்.

அந்த வருசம் அடுத்த சந்திக் கடைத் தம்பிராசா அடுப்பை மூட்டினான். ஐயாவுக்காக நான் அழுதேனா என்று நினைவில்லை. தம்பிராசாவின் பாயசத்தில் சர்க்கரை கூடிவிட்டது என்று ஊரார் சொன்னது நினைவிருக்கிறது. அப்படியும் அடுத்த வருசம் அவனைத்தான் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த வருசமும். எங்கள் கடையில் ஈ ஓட்டினோம். பிறகொரு ஆடியில், கொடியேற்றத்துக்கு முன் அவனுடைய தாய் செத்துப்போனாள். அடுப்பு திரும்பி எங்களிடம் வந்தது. அந்தச் சாவில் எனக்குக் கையில்லை. கிழவிக்கு வயசு போயிருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் கோயில் ஐயரிடம் விபரமாகக் கேட்டேன். தூரத்தில் சாவு நடந்தால் துடக்கு எப்போது தொடங்குகிறது என்று. கேட்டால்தான் துடக்கு, என்றார். காதில் விழும்வரை இல்லை. மாதம் கடந்து கேட்டால் மூன்று நாள். ஆண்டு கடந்து கேட்டால் தலை முழுகினால் போதும். பெண்சாதிக்கு அப்படியல்ல என்றும் ஏதோ சொன்னார். அந்தப் பகுதியை நான் கவனமாகக் கேட்கவில்லை. எனக்குப் பெண்சாதி இல்லை.

எண்பத்தேழில் இந்திய ஒப்பந்தம் வந்த பிறகு நடராசா மாத்தறைக்குப் போனான். எரிந்த நிலத்தில் ஒரு கொட்டிலாவது போடலாம் என்று அவனுக்கு ஆசை. அவனுடைய மனைவி இராசமணி இங்கே என்னோடு கடையைப் பார்த்தாள். உளுந்து ஆட்டுவது அவள்தான். அவளுடைய கை பட்ட மா பொங்குகிற மாதிரி வேறு எவருடைய மாவும் பொங்காது. இதை எவரும் மறுக்கமாட்டார்கள்.

சவிரிமுத்து கருவாட்டு வியாபாரி. இங்கிருந்து கருவாடு கட்டிக்கொண்டு தெற்கே போவான். திரும்பி வந்தால் முதலில் எங்கள் கடைதான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பின்வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிக் காட்டுவான்.

"அண்ணை, கருவாடு மணக்குதே? மணந்தால் நான் இப்பிடியே வேலியோடை நிண்டு தின்னுறன். அம்மாளாச்சி கோவிக்கப்போறா."

இராசமணி உள்ளேயிருந்து, "மணக்கிறது கருவாடில்லை, உன்ரை வாய்," என்பாள்.

"அப்ப வாயை அடைக்க ரெண்டு தோசை போடுங்கோ அக்கா."

நல்ல மனிதன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவன்மேல் ஒரு கோபமும் இருந்ததில்லை.

போன வருசம், கொடியேற்றத்துக்கு முதல்நாள் பின்னேரம் அவன் வந்தான். தோரணம் கட்டவென்று எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். இராசமணி வீட்டில் முழுகிக்கொண்டிருந்தாள். நான் குசினியில் பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவன் குளிக்கவில்லை. பயணச் சட்டையோடு வந்திருந்தான். பின்வாசலில் நிற்காமல் உள்ளே வந்தான். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது என்று நீங்கள் சொல்லக்கூடும். விளங்குவது வேறு, கேட்பது வேறு.

"வா, சவிரி. சாப்பிட்டியே?"

"சாப்பாடு கிடக்கட்டும். நீங்கள் உந்தக் கதிரையிலை இருங்கோ. நடராசாண்ணையின்ரை விசயம்..."

"திருவிழா முடியச் சொல்லு."

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை, அண்ணை."

"சொல்லாதை எண்டுதான் சொல்லுறன்."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த வருசம் தெற்கில் கிளர்ச்சிக்காரர் என்று பிடித்துத் தெருவோரங்களில் ஆட்களைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் அதன் நடுவிலிருந்து வந்திருந்தான். கண்கள் வீங்கியிருந்தன.

"உங்களுக்கு விளங்கீட்டுது," என்றான். "விளங்கியும் அடுப்பு மூட்டப் போறியளே?"

"பத்துப் பன்ரண்டு நாள், சவிரி. தீர்த்தம் முடிஞ்ச அண்டைக்கே வா. நானே உனக்கு இலை போட்டுக் கேக்கிறன்."

"அக்கா பூவும் பொட்டுமாய்க் கோயிலுக்கு வெளிக்கிடுவா. நான் அதைப் பாத்துக்கொண்டு நிக்கிறதோ? என்னாலை ஏலாது, அண்ணை. நான் அவவிட்டைப் போறன்."

அவன் திரும்பினான். ஆட்டுக்கல் குழவியைக் கழுவிச் சுவரோடு சாத்தியிருந்தேன். அதை எடுத்துப் பின்தலையில் அடித்தேன்.

அவன் முழங்காலில் விழுந்தான். பிறகு பக்கவாட்டில் சரிந்தான். ஆனால் வலது கை மெல்லச் சட்டைப்பைக்குப் போனது. எதையோ எடுத்துக் காட்டப் பார்த்தான். நான் கையை அடித்தேன். விரல்கள் நிலத்தோடு தட்டையாயின. அதன் பிறகும் வாய் அசைந்தது. வாயை அடித்தேன். பற்கள் சீமெந்துத் தரையில் சிதறிய சத்தம் நன்றாகக் கேட்டது. பிறகு நெற்றி. உளுந்து ஆட்டும்போது அவசரப்படக் கூடாது என்று ஐயா சொல்லுவார். நான் அவசரப்படவில்லை. முகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாத பிறகுதான் நிறுத்தினேன்.

அவன் கடைசிவரை அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சட்டைப்பையில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவுமில்லை. பார்த்திருந்தால் தெரிந்துபோயிருக்கும்.

விறகுக் கொட்டிலின் பின்னால் குழி வெட்டி அவனைத் தாட்டேன். மேலே பனையோலையைக் குவித்தேன். தரையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். குழவியை உடைத்துக் கடலில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். சைவக் கடை, தம்பி. இரத்தம் பட்ட கல்லில் மா அரைப்பவர்கள் நாங்கள் அல்லர்.

சவிரிமுத்து எங்களுக்கு உரித்தில்லை, சொந்தக்காரனில்லை. வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். அவனுடைய சாவு எங்களுக்குத் துடக்கில்லை. தலை முழுகினால் போதும். முழுகி, திருநீறு பூசி, விடிய அடுப்பை மூட்டினேன். அந்த வருசச் சோறு பற்றி இன்றைக்கும் ஊரில் கதைக்கிறார்கள்.

அவனுடைய மனைவி சூசையம்மா ஆமி முகாம் முகாமாகத் திரிந்தாள். அந்த நாட்களில் ஓர் ஆள் காணாமற் போனால் யாரிடம் கேட்பது என்றே தெரியாது. அலைந்து களைத்து எங்கள் பின்வாசலில் வந்து குந்துவாள்.

"உங்கடை கடையடிக்கு வரேல்லையே, அண்ணை?"

"வரேல்லைப் பிள்ளை. வந்தால் சாப்பிடாமல் போவனே அவன்?"

அவளுக்கு ஒவ்வொரு நாளும் சோறு கொடுத்தேன். "நீங்கள் ஒருத்தர்தான் அண்ணை என்னை ஆளாய்ப் பாக்கிறியள்," என்று ஒருநாள் அழுதாள். நான் இன்னும் கொஞ்சம் பருப்பு விட்டேன்.

இராசமணி வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தாள். தெற்கில் தபால் ஒழுங்கில்லை என்று நான் சொன்னேன், நம்பினாள். தினமும் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு உளுந்து ஆட்ட வருவாள். அதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு நிறைவு. வேறொருவன் என்றால் அந்தப் பொட்டைப் போன ஆடியிலேயே அழித்திருப்பான். நான் அவளுக்கு ஒரு வருசம் கொடுத்தேன். இந்த வருசம் கொடி முந்தி ஏறிவிட்டது. இன்னும் சில நாள் பொறுத்திருந்தால் ஆண்டும் கடந்திருக்கும். எனக்குத் தலை முழுக்கோடு போயிருக்கும். எந்தத் திகதி என்று கேட்காதீர்கள். நான் தெரிந்துகொள்ளவில்லை.

திரும்பச் சண்டை தொடங்கிற்று. குண்டு போடப் பொம்மர் வரத் தொடங்கிற்று. நேற்று உங்கள் பொடியன்கள் எங்கள் வளவில் பதுங்குவதற்குப் பங்கர் வெட்ட வந்தார்கள். வேலியோரமாக வெட்டச் சொன்னேன். அங்கே கல்லு, விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் மண் இளகிக் கிடக்குது என்றார்கள். அது அவர்களுடைய பிழையல்ல.

நான் களஞ்சியத்தில் நின்றேன். தேருக்கும் தீர்த்தத்துக்குமான அரிசியும் பருப்பும் காலையே மடத்துக்குப் போய்விட்டன. மிஞ்சியதை அடுக்கிக்கொண்டிருந்தேன். எலும்பு கண்டதும் பொடியன்கள் உங்களைக் கூப்பிட ஓடியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோன இராசமணி மட்டும் குழியடியில் நின்றிருக்கிறாள். உக்கின சட்டைப்பையில் ஒரு பொலித்தீன் சுருள். பொலித்தீன் உக்காது என்று எனக்குத் தெரியும். யோசிக்கவில்லை.

அவள் அதைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். நடராசாவின் பச்சைக்கல் மோதிரம்.

"அத்தான், இது அவரின்ரை மோதிரம்."

"மெல்லக் கதை."

"சவிரி கொண்டந்திருக்கிறான். எனக்குத் தரத்தான் கொண்டந்திருக்கிறான். உங்களுக்குத் தெரியும்."

"நாளைக்குத் தேர், இராசமணி. நாளையிண்டைக்குத் தீர்த்தம். அதுக்குப் பிறகு நீர் எவ்வளவும் கதையும்."

"நான் ஒரு வருசமாய் ஆருக்கு விரதம் பிடிச்சனான்?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "சொல்லுங்கோ அத்தான். என்ரை மனுசன் செத்..."

நான் அவளுடைய வாயைப் பொத்தினேன். கடித்தாள். இந்தக் காயம் அதுதான். தோளில் கிடந்த துவாயைச் சுருட்டி அவளுடைய வாய்க்குள் அடைத்தேன். அவள் என் முகத்தைப் பிறாண்டினாள். கழுத்தைப் பிடித்துத் தள்ள, பின்தலை தராசுக் கல்லில் பட்டது. விழுந்தவள் எழும்பப் பார்த்தாள். ஒரு மூட்டை அரிசியை இழுத்து அவள்மேல் சாய்த்தேன். அதன்மேல் இன்னொன்று. அதன்மேலும் ஒன்று.

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். இராசமணி எங்களுக்கு உரித்து. அவள் செத்தால் துடக்கு. ஆகவே நான் அவளைக் கொல்லவில்லை. பேசாமல் இருக்கச் செய்தேன். கொஞ்ச நேரம் மேல்மூட்டை ஆடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. களைத்து நித்திரையாகியிருப்பாள். நான் கதவைப் பூட்டிவிட்டு, கை கழுவி, உங்களை வரவேற்க வந்தேன்.

எலும்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நேற்று உங்களிடம் சொன்னது பொய். இன்றைக்குத் தேர். அடுப்பை மூட்ட வேண்டியிருந்தது. மூட்டினேன். பந்தியில் உங்களையும் கண்டேன். பூசணிக்காய்க் கறி இரண்டாம் தரம் கேட்டு வாங்கினீர்கள். இப்போது சூசையம்மா எலும்போடு கிடந்த மாதா உத்தரியத்தை, அவன் கழுத்தில் போட்டிருந்ததை, அடையாளம் காட்டிவிட்டாள் என்கிறீர்கள். சரி. சவிரிமுத்துவைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்து வைக்கிறேன். அவன் உரித்தில்லை என்பதால் அதைச் சொல்வதில் எனக்கு ஒரு தடையுமில்லை.

களஞ்சியச் சாவியைக் கேட்டீர்கள், தந்தேன். எதையும் நான் ஒளிக்கவில்லை. ஒன்றுதான் கேட்கிறேன். விடிய என்னை மடத்துக்கு விடுங்கள். இரண்டு பேரைக் காவலுக்கு அனுப்புங்கள். நாளை ஒரு நாள். தீர்த்தத்தோடு கொடி இறங்கிவிடும். நான் போகாவிட்டால் தம்பிராசா வந்து நிற்பான்.

வாசலில் உங்கள் ஆள் ஒருவன் வந்து நிற்கிறான். கையில் எங்கள் சாவி. சட்டையெல்லாம் அரிசித் தவிடு. சவிரிமுத்து அன்றைக்குக் குசினி வாசலில் நின்ற மாதிரியே நிற்கிறான்.

அவனை அங்கேயே நிற்கச் சொல்லுங்கள், தம்பி. வாயைத் திறக்க வேண்டாமென்று சொல்லுங்கள். நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.