ஃப்ளாப்பிக்குச் சந்தனம்

"ஃப்ளாப்பிக்கு யாராவது சந்தனம் இடுவாளா?"

ஆயுத பூஜை முடிந்து ஆபீஸ் திறந்த அன்று, மயிலாப்பூரிலிருந்து தி.நகர் போகும் பஸ்ஸில், முன்சீட்டு அம்மாள் தன் கணவரைக் கேட்டாள். வீட்டுப் பூஜையில் என் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஃப்ளாப்பிகளுக்கு நான் பட்டையே அடித்திருந்தேன்.

"டிவிக்கு இட்டேன், மிக்சிக்கு இட்டேன். அதை மட்டும் விட்டா நன்னாவா இருக்கும்?"

"ஈரம் உள்ளே இறங்கிடுத்து. என் நாலு வருஷ ஆராய்ச்சி, ஒரு அத்தியாயம்கூடத் திறக்கலை."

"கம்ப்யூட்டர்ல..."

"அதைத்தான் லினக்ஸ்னு புது சிஸ்டம் போட்டுப் பாக்கறேன்னு போன வாரமே அழிச்சேளே!"

"உன் ஆராய்ச்சிக்கு வீட்டிலேயே பத்திரமா ஒரு காப்பி இருக்கட்டும்னுதானே! அதுக்கு விண்டோஸ் என்.டி. நல்லதா, லினக்ஸ் நல்லதான்னு ஆறு மாசமா படிச்சுண்டிருக்கேன்."

நான் மடியிலிருந்த பையைத் திறந்து, என் ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாகச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

பனகல் பார்க்கில் அவர்கள் இறங்க எழுந்தபோதும் கணவர் விடவில்லை.

"லினக்ஸே போட்டுடறேன். அதைப் போட்டா கம்ப்யூட்டர் நடுவிலே படுக்கவே படுக்காது."

"போடுங்கோ," என்றாள் அவள். "அதுல வைக்கறதுக்கு உங்ககிட்ட ஏதாவது இருந்தா வைங்கோ. என்கிட்ட ஒண்ணும் இல்லை."