செய்தியில் பொறுக்கிய பிரெஞ்சு

“நேத்து வந்த வெள்ளம் சூப்பர் மச்சி. இங்கிலீஷ்லயும் பிரெஞ்சுலயும் அவ்ளோ புது வார்த்தை!”

சைதாப்பேட்டையில் நான் மயிலாப்பூர் பஸ் ஏறியதும் முன்சீட்டுக் கண்ணாடிக்காரர் இப்படிச் சொன்னார். வெள்ளத்தை ஒருவர் வாயாரப் புகழ்ந்து நான் கேட்டதில்லை, அதுவும் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த சைதாப்பேட்டையில். அவர் பக்கத்தில் இருந்த அவருடைய நண்பர், டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

“எந்த ஊர்ல வெள்ளம்? ஜனங்க இன்னா ஆனாங்கோ?”

“அதெல்லாம் படிச்சா டைம் வேஸ்ட். செய்தியில தெரியாத வார்த்தைய மட்டும் எடுத்துக்கணும். பிரெஞ்சு தெரிஞ்சா நான் போகப்போற நாட்டு விசாவுக்கு மார்க் அதிகம்டா. இதுக்காகத்தான் வேலையவே விட்டேன்.”

“இன்னிக்கு இன்னா எடுத்த? தமிழ்ல சொல்லு.”

“நிறுத்திவைப்பு, ரத்து, மறு அறிவிப்பு வரும்வரை. மூணும் ஒரே பிரெஞ்சு செய்தியில கிடைச்சுது. செம லக்கு.”

“இன்னாத்த நிறுத்திட்டானுங்களாம்?”

“யாருக்குத் தெரியும்?”

நண்பர் அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி, அதே செய்தியை இங்கிலீஷில் தேடி, உதடு அசையப் படித்தார்.

“உன் விசாவத்தான் நைனா. அந்த நாட்டுக்காரனே சொல்லிக்கினு கீறான்.”

கண்ணாடிக்காரர் போனை வாங்கி, முதல் தடவையாகச் செய்தியை முழுசாகப் படித்தார். மந்தைவெளி வரை அதையே திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு நண்பர்தான் ஆரம்பித்தார்.

“ரத்துக்கு பிரெஞ்சுல இன்னா?”

கண்ணாடிக்காரர் ஜன்னலைப் பார்த்தபடியே, பிரெஞ்சுக்காரன் மாதிரி மூக்கால், கொஞ்சமும் பிசகாமல் சொன்னார்.