தலை எண்ணும் வரை

— அப்போ பதினாலாம் தேதி வரவே வராதா, தம்பி? நிச்சயமா?

— வராது அண்ணி. இந்த மேப்பைப் பாருங்க. பசிபிக் கடல் நடுவுல கடுகு சிந்தின மாதிரி தெரியுதே, அதுதான் நீங்க கேட்ட தீவு நாடு. நமக்கும் அதுக்கும் நடுவுல தேதிக் கோடுன்னு ஒண்ணு ஓடுது. போறப்ப ஒரே நாள் ரெண்டு தடவை வரும். திரும்பறப்ப கணக்கு நேராயிடும். பதிமூணாம் தேதி ராத்திரி அங்க விமானம் ஏறுறீங்க, நடுராத்திரிக்குக் கோட்டைத் தாண்டுது, தாண்டினா பதினஞ்சு. நடுவுல இருந்த நாள் அப்படியே கடல்ல விழுந்துடும்.

— யாருக்கு?

— விமானத்துல இருக்கறவங்களுக்கு.

— வீட்ல இருக்கறவங்களுக்கு?

— எங்களுக்கு வழக்கம்போல பதினாலு வரும், போகும். எதுக்குக் கேக்கறீங்க?

— சும்மாதான். ரெண்டு சீட்டு போடுங்க.

— ரெண்டாவது யாருக்கு, உங்க தங்கச்சிக்கா? அவங்க லிஃப்டுல ஏறவே சாமியைக் கும்பிடுவாங்களே.

— உங்களுக்கு.

— எனக்கா? நல்லா இருக்கு போங்க. ஊரையெல்லாம் ஊர் சுத்த அனுப்பறவன் நான். சீசன் நேரத்துல ஆபீஸைப் பூட்டிட்டுப் போனா, பணம் கட்டினவங்க ஷட்டரைப் பேத்துடுவாங்க.

— ஒரு வாரம்தானே, தம்பி. வந்துட்டுப் போங்களேன்.

— நான் வீட்டைப் பாத்துக்கறேன். மீன் தொட்டிக்கு யார் தீனி போடுவாங்க? பயமா இருந்தா பயம்னு சொல்லுங்க அண்ணி, சிரிக்க மாட்டேன். இன்னும் அந்தக் கதவு தட்டற சத்தம் கேக்குதா?

— வருஷத்துல ஒரு நாள். உங்க அண்ணன் போன தேதியில மட்டும்.

— மாடியில படுத்திருக்கற எனக்கு ஒரு நாளும் கேட்டதில்லையே. காத்தா இருக்கும்.

— காத்து செருப்பைக் கழட்டி வெச்சிட்டு வருமா? விடிஞ்சு பாத்தா வாசப்படி பூரா உப்புத்தண்ணி. ஈரத்துணி வெச்சுத் தொடைச்சாலும் வெள்ளை வெள்ளையா பூத்துக்கிட்டே இருக்கு.

— சரி, விடுங்க. அதுக்குத்தானே இந்த ஏற்பாடு. அந்த நாளே உங்களுக்குக் கிடையாதுன்னா, அண்ணன் யாரைத் தேடி வருவார்? இருங்க, பட்டனை அழுத்திடறேன். அடடா. திரும்பற விமானத்துல ஒரே ஒரு சீட்டுதான் பாக்கி. பரவாயில்ல, உங்க பேர்ல போட்டாச்சு.

— ஒண்ணுதானா? நல்லாப் பாருங்க.

— பத்துப் பேர் உக்கார்ற விமானம், அண்ணி. வாரத்துக்கு ஒரு தடவைதான் பறக்குது. இது கிடைச்சதே உங்க நல்ல நேரம். இனிமே பெட்டி கட்டறதுதான் வேலை.

— கட்டி வாசல்ல வெச்சாச்சு.

— டிக்கெட்டுக்கு முன்னாடியேவா? பொறக்காத பிள்ளைக்குப் பேர் வெச்ச கதையால்ல இருக்கு. சரி, ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்குங்க. அங்க ஒரு தீவிலேருந்து இன்னொண்ணுக்குப் படகுலதான் போகணும். கூட்டிட்டுப் போறவன் வந்து தலை எண்ணற வரைக்கும் சீட்டை விட்டு எழுந்திரிக்காதீங்க. என் ரூல் உங்களுக்குத் தெரியாததா?

— தெரியும். அன்னைக்கு அந்த டூர்க் கூட்டத்தைப் படகுல ஏத்திவிடறப்பவும் அதையேதான் சொன்னீங்க.

— சொன்னேன். அண்ணன் கூட்டிட்டுப் போகட்டும், அடுத்த படகுல நான் வந்து எண்ணாம ஒருத்தரும் எறங்கக் கூடாதுன்னு சொன்னேன். அந்தப் படகுதான் கரை சேரவே இல்லையே. இப்ப எதுக்கு அண்ணி அதைக் கிளறுறீங்க?

— அவர் என்னைத் தேடி வரலை, தம்பி. கதவுக்கு வெளிய நின்னு உங்களைத்தான் கேக்கறார்.

— என்னையா?

— “தம்பி இருக்கானா? ஆளுங்க இன்னும் படகுலயே உக்காந்திருக்காங்க. அவன் வந்து எண்ணாம எறங்க மாட்டோம்ங்கறாங்க.” இதையேதான் சொல்றார். கரை பக்கத்துலயே தெரியுதாம். ஒருத்தரும் எழுந்திரிக்கலையாம்.

— அண்ணி, விளையாடாதீங்க.

— வருஷா வருஷம் நீங்க மாடியில தூங்கிட்டிருப்பீங்க. நான் கீழ நின்னு, அவன் இங்க இல்லைன்னு சொல்லி அனுப்பறேன்.

— என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?

— சொல்லியிருந்தா நீங்க கதவைத் திறந்துட்டுக் கூடவே போயிருப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?

— இப்ப என்ன பண்றது?

— அந்தச் சீட்டுல என் பேரை எடுங்க. உங்க பேரைப் போடுங்க.

— நான் போயிட்டா, நீங்க?

— வீட்லதான் இருப்பேன். இந்தத் தடவையாவது பொய் இல்லாம, அவன் இல்லைன்னு சொல்லலாம்.

— கேட்டுட்டு அண்ணன் பேசாம திரும்பிப் போயிடுவாரா?

— போயிடுவார். ஆனா தனியா போக மாட்டார். அடுத்த தடவையும் அவன் இல்லேன்னா நீயாவது வந்து எண்ணுன்னு போன வருஷமே சொல்லிட்டார். பெட்டியை எதுக்கு வாசல்ல வெச்சிருக்கேன்னு நினைச்சீங்க?