சுண்டுவிரல் பக்கம்

தேவகி: கைய ஆட்டாதீங்க.

தர்மலிங்கம்: நான் எங்க ஆட்டறேன்... தானா ஆடுது. படகுல போற மாதிரி இருக்கு.

தேவகி: படகுமில்ல, கடலுமில்ல. ஆஸ்பத்திரி கட்டில்ல கிடக்கறீங்க. மருந்து மயக்கம் இன்னும் தெளியல.

தர்மலிங்கம்: கை வழியா டியூப் விட்டாச்சா?

தேவகி: விட்டு, இதயத்தப் பாத்து, வெளிய எடுத்தாச்சு.

தர்மலிங்கம்: அதான் மணிக்கட்டுல பிளாஸ்டிக் வளையலா...

தேவகி: ரத்தம் வராம இருக்கப் போட்டது. ரொம்ப இறுக்கினா ரத்தக்குழாயே அடைச்சிக்குமாம்.

தர்மலிங்கம்: அடைச்சா அடைக்கட்டும் லா. இன்னொரு கை இருக்குல்ல.

தேவகி: பேச்சப் பாரு. அடுத்த மாசம் இதயத்துல இருக்கற அடைப்பு எடுக்க டாக்டர் இதே வழியாத்தான் வரணுமாம்.

தர்மலிங்கம்: தஞ்சோங் டாவாய்ல ஆறு கடல்ல சேருமே... அங்க மணல் மூடிட்டா படகு உள்ள வர முடியாது. கல்யாணமான புதுசுல நெத்திலி வாங்கப் போனோமே...

தேவகி: எங்க வாங்கினீங்க? தண்ணியையே பாத்துட்டு நின்னீங்க.

தர்மலிங்கம்: உன் கையப் பிடிச்சிட்டு நின்னேன். இப்ப நீ பிடிச்சிருக்க.

தேவகி: பிடிக்கல, அமுக்கறேன். சுண்டுவிரல் பக்கம் அமுக்கினா கட்டைவிரல் பக்கம் ரத்தம் நல்லா ஓடுமாம். நர்ஸ் மிஸ்ஸிதான் இடம் காட்டினாங்க.

தர்மலிங்கம்: மிஸ்ஸி சொன்னதுக்காகத்தானா...

தேவகி: பின்ன? நெஞ்சு வலிக்குதுன்னீங்க, டாக்டர்ட்ட போங்கன்னு கெஞ்சினேன். உன் வேலையப் பாருன்னீங்க. அதான் குலிம்ல அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். அந்தக் கோவம் இன்னும் இருக்கு.

தர்மலிங்கம்: நீ போனப்புறம்தான் பயம் வந்துச்சு... நானே ஆஸ்பத்திரில வந்து சேந்துட்டேன்.

தேவகி: தெரியும். பக்கத்து வீட்டு ஷீலா சொன்னா.

தர்மலிங்கம்: இப்ப அழுத்தமே இல்லையே தேவகி... சும்மா வச்சிருக்க மாதிரி இருக்கு.

தேவகி: லேசா வச்சா போதுமாம்.

தர்மலிங்கம்: அமுக்கினது போதும்னா... திரும்ப குலிம் போயிருவியா?

தேவகி: மிஸ்ஸி போதும்னு சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம். தூங்குங்க.

தர்மலிங்கம்: ம்... தேவகி...

தேவகி: என்னங்க?

தர்மலிங்கம்: நான் கண்ண மூடிக் கிடந்தப்பவே மிஸ்ஸி வந்து, ரத்தம் நல்லா ஓடுது, கைய எடுத்துருங்க அக்கான்னு சொன்னாங்கல்ல... அப்ப நான் தூங்கல.

தேவகி: தெரியும். நீங்க தூங்கலன்னு தெரிஞ்சுதான் கைய எடுக்கல.