‘வா கண்ணு’ என்று வாசலில் குனிந்தவருக்கு

ஏற்காடு மலைச்சாரல் மழலையர் வளர்ச்சி மையத்தின் முதல்வர் ரஹமத் பீவி அம்மையார் அவர்களின் பணி நிறைவு நாளில், உடன் பணியாற்றியோர் வாசித்தளிக்கும் மடல்

மலையில் பிறந்து, மனவியல் பயின்று, மழலையருக்காக மலைக்கே மீண்டு வந்த மாண்புடையீர்,

கடைத்தெருவில் அத்தாவின் மளிகைக் கடையில் மூட்டைமேல் உட்கார்ந்து படித்தவர் நீங்கள். சேலத்தில் மேற்படிப்பு முடித்ததும் கீழேயே தங்கியிருக்கலாம். திரும்பி வந்தீர்கள். நாகலூரிலும் வெள்ளக்கடையிலும் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை இருபத்தாறு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டீர்கள். பேச்சு வராத பிள்ளைகள் பேசினார்கள். நடக்காத பிள்ளைகள் நடந்து பள்ளிக்குப் போனார்கள். இவற்றையெல்லாம் சொல்லிப் புகழவே இம்மடலைத் தொடங்கினோம். ஆனால் எழுத்து ஒரே ஒரு குழந்தையிடம் வந்து நின்றுவிட்டது. அவளை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் இம்மடல் பொய்யாகிவிடும்.

பொறுமையின் உருவே,

சென்ற ஆண்டு மழை தொடங்கியபோது மாரமங்கலத்திலிருந்து அவள் வந்தாள். நான்கு வயது. அவள் தாய் இந்தச் சபையில் அமர்ந்திருக்கிறார். அவர் ஒப்புதலோடுதான் இதை வாசிக்கிறோம். குழந்தையின் பெயரை எழுதவில்லை. ஏன் என்பது கேட்கும்போதே விளங்கும்.

வந்த வாரமே, மையத்துக்கு வரும் இன்னொரு சிறுமி ஜெஸ்லினின் விரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கினாள். ஜெஸ்லின் அலறினாள். இவள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, போய்த் தன் சத்துமாவைச் சாப்பிட்டாள். திட்டினோம், முகம் மாறவில்லை. மூலையில் நிறுத்தினோம், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “பச்ச மொளகாயக் கடிச்சாக்கூட அது மூஞ்சி மாறாதுங்க மேடம்” என்றார் சமையல் ராணி. எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து எங்களுக்குள் அவள் ‘கல்லு’.

அவளை அனுப்பிவிடச் சொல்லி எல்லோருமாக உங்கள் அறைக்கு வந்தோம். நீங்கள் கேட்டது ஒன்றுதான்.

“ஏன் ராணி, சோத்துக்கு வர்ற நாய என்னன்னு கூப்புடுவ?”

“வா சாமிம்பேனுங்க.”

“வேடியப்பா, உன் வேன்ல ஏறற புள்ளைங்கள?”

“கண்ணுன்னுதானுங்க மேடம். வேற எப்புடிக் கூப்புடறது?”

“அந்தப் புள்ளய?”

அவளை நாங்கள் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேசி வைத்துக்கொண்டு செய்ததில்லை. சேலத்துக்காரர்கள் ஊர் பேர் தெரியாத குழந்தையைக்கூடக் கண்ணு என்போம். அவள் ஒருத்திக்கு அந்தச் சொல் எங்கள் வாயில் வரவில்லை.

“எனக்கும் வரல” என்றீர்கள். “நேத்துதான் கவனிச்சேன். நொம்ப வெக்கமாப் போச்சு.”

அறிவின் ஒளியே,

அன்று நீங்கள் விளக்கியது எங்களுக்கு மனப்பாடம். சில குழந்தைகளுக்குப் பிறர் முகத்தில் தெரியும் பயமும் வலியும் சட்டென்று எட்டுவதில்லை. அவர்கள் மற்றவர் கண்களைப் பார்ப்பதும் குறைவு. பார்க்காததால் இன்னும் எட்டுவதில்லை. தண்டனை அவர்களிடம் அவ்வளவாகப் பலிக்காது. பரிவும் பாராட்டும் ஓரளவு பலிக்கும். “நாலு வயசு மூளைங்கறது வேல நடக்கற ஊடு. கரண்டு வேலயே இன்னும் முடியல. அதுக்குள்ள வெளக்கு எரியலன்னு பூட்டிட்டுப் போலாங்கறீங்க.”

மறுநாள் முதல் வாசலில் அவள் உயரத்துக்குக் குனிந்து, அவள் கண்களைப் பார்த்து, “வா கண்ணு” என்று சொல்லிக் காத்திருந்தீர்கள். அவள் உங்கள் தோளுக்குப் பின்னால் மூடுபனியைப் பார்த்தாள். நீங்கள் அவசரப்படுத்தவில்லை. தாய்க்கும் சொல்லிக் கொடுத்தீர்கள். எங்களையும் குனிய வைத்தீர்கள். முதலில் நாங்கள் சொன்ன கண்ணு நடிப்பாகவே இருந்தது. அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில் ஒருமுறை ராணி கஞ்சி வடிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டார். குழந்தை அருகே வந்து அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ராணியின் முகத்தைப் பார்த்தாள்.

“சுட்டுச்சா?”

“சுட்டுச்சு கண்ணு” என்றார் ராணி. அந்தக் கண்ணு நடிப்பில்லை.

மறுநாளே அவள் ஜெஸ்லினைக் கடித்துவிட்டாள். அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

நன்றிக்குரிய அம்மையீர்,

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. போன வாரம் ஓய்வூதிய வேலையாக நீங்கள் சேலம் போயிருந்தீர்கள். “மேடம் போனப்புறம் அவள யாரு பாக்கறது? வேற எடம் பாத்துக்கச் சொல்லிடலாம்” என்று சமையலறையில் பேசினோம். மறுத்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் காலை வாசலில் யாரும் குனியவுமில்லை. அவள் உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றாள். ஆசிரியை யாஸ்மின் கடந்து போனார், ராணி போனார், வேடியப்பன் போனார். ஒவ்வொருவர் முகமாக நிமிர்ந்து பார்த்தாள். அவள் எங்கள் கண்களைத் தேடினாள். பார்க்காமல் போனவர்கள் நாங்கள்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ தெரியாது. கடைசியில் யாஸ்மின் திரும்பி வந்து குனிந்தார். அவருக்குச் சொல் வரவில்லை. குழந்தைதான் சொன்னாள்: “வா கண்ணு.”

எங்கள் முதல்வரே,

அவளை அனுப்ப மாட்டோம். ஜூனில் அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போகும்வரை எங்களோடு இருப்பாள். போன பிறகும் அவள் பள்ளிக்கு நாங்கள் போய் வருவோம். புதிய முதல்வரிடம் நாங்களே இதைச் சொல்லிவிட்டோம். இந்த மடலைச் சட்டமிட்டு உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டுவீர்கள். புகழ்ச்சிக்கு நடுவே எங்கள் வெட்கமும் அங்கே தொங்கட்டும். நாங்கள் மறந்தால் வந்து படித்துக் காட்டுங்கள்.

முழங்கால் வலி நீங்கி, உடல் நலம் பெருகி, பேரப்பிள்ளைகள் சூழ நெடுங்காலம் வாழ இறைவனை வேண்டுகிறோம்.

திங்கட்கிழமை காலை அவள் வாசலுக்கு வருவாள். அவளுக்கு முன்பே நாங்கள் அங்கே குனிந்திருப்போம்.

நன்றியோடும் நாணத்தோடும்,
மையத்தின் பணியாளர்கள்
ஏற்காடு