முத்திரையிட்ட நகல்

முதலில் ஒரு சின்ன விஷயம். என் வாக்குமூலம் என்று நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் தாள்களில் பக்க எண் இல்லை, இன்ஸ்பெக்டர். இப்போதே போட்டுவிடுங்கள். எண் இல்லாத தாளை யார் வேண்டுமானாலும் உருவிவிடலாம், நடுவில் ஒன்றைச் செருகலாம். இருபத்தாறு வருடம் கம்பெனி செகரட்டரியாக இருந்தவன் சொல்கிறேன்.

கம்பெனி செகரட்டரி என்றால் முதலாளிக்கு போன் எடுத்துக் கொடுப்பவர் என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். என் மாமனார் கண்ணை மூடும்வரை அப்படித்தான் நினைத்தார். என் வேலை வேறு. இயக்குநர்கள் கூடிப் பேசுவதை நான் எழுதுவேன். அதைத் தலைவர் படித்துக் கையெழுத்துப் போட்டு, அது குறிப்பேட்டில் ஏறிவிட்டால் அதுதான் நடந்தது. ஏறாதது நடக்கவில்லை. யாராவது மேசையைக் குத்திக் கத்தினால் ‘கருத்துத் தெரிவித்தார்’ என்று எழுதுவேன். யாராவது யாரையாவது பார்த்துச் சிரித்தால் அதை எழுத இடமே கிடையாது.

இந்தப் படிப்பு எனக்கு லேசில் வரவில்லை. கடைசிக் கட்டத் தேர்வை ஒன்பது முறை எழுதினேன். சட்டப் பிரிவுகளைத் தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்பாள். கூட்ட அறிவிப்பு எத்தனை நாள் முன்னால் போக வேண்டும், எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், எல்லாம் கேட்பாள். கேட்டுக் கேட்டு எனக்கு வராத பிரிவுகூட அவளுக்கு வந்துவிட்டது. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள், அவளைப் பற்றி நான் குறை சொன்னதாக இருக்கக் கூடாது.

அவளுக்கு ஒரு தம்பி. எதையும் முதல் தடவையிலேயே தேறிவிடுகிற ரகம். நான் நாலாவது முறை தோற்றபோது அவன் எனக்கு ‘பல்லவி’ என்று பெயர் வைத்தான். திரும்பத் திரும்ப அதையே பாடுகிறேனாம். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒன்பதாவது முறை தேறி, உறவுக்காரர்களை எல்லாம் சாப்பிடக் கூப்பிட்டபோது, இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு அவன் கேட்டான்: “என்ன அத்தான், பல்லவி ஒருவழியா முடிஞ்சுதா? இனிமே சரணம்தானா?” அன்றைக்கு அது என்னுடைய நாள். அதையும் அவன் பிடுங்கிக்கொண்டான்.

எங்கள் கம்பெனி ஸ்பஞ்சு மெத்தை செய்கிறது. நாலு வருடத்துக்கு முன்னால் பாதுகாப்புப் பொறியாளர் வேலை காலியானபோது, மனைவி கேட்டாள் என்று அவன் பெயரை நான்தான் சொன்னேன். வந்த ஆறே மாதத்தில் அவனுக்கு ஜன்னல் வைத்த அறை கொடுத்தார்கள். என் அறை அப்போதும் பதிவேடுகள் அடுக்கிய கிடங்கை ஒட்டித்தான் இருந்தது.

இனி கதவு விஷயத்துக்கு வருகிறேன்.

மெத்தைகளுக்கு உறை போட்டுக் கட்டும் கூடத்தில் பின்பக்கம் ஒரு இரும்புக் கதவு. உள்பக்கமாகத் திறப்பது. சட்டம் வளைந்துபோய் இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தால்தான் அசையும். போன வருடம் பங்குனி வெயில் ஏறியபோது அவன் இயக்குநர் கூட்டத்துக்கு வந்து, கூடத்தைப் பத்து நாள் மூடிவிட்டுக் கதவை மாற்ற வேண்டும் என்றான். வெளியே தள்ளினால் திறக்கிற மாதிரிக் கதவு. நன்றாகத்தான் பேசினான். படமெல்லாம் வரைந்து கொண்டுவந்திருந்தான்.

எங்கள் தலைவரைப் பெரியவர் என்போம், அவர் மகனான நிர்வாக இயக்குநரைச் சின்னவர் என்போம். சின்னவர் கொஞ்சம் முனகினார். பெரியவர் கையமர்த்தினார். “உயிர் விஷயம்ப்பா. மூடிடுங்க. செகரட்டரி, தீர்மான நகலை நாளைக்கே ஆலைக்கு அனுப்பிடுங்க,” என்றார். மொத்தம் ஐந்து நிமிடம். மச்சினன் கேட்டது கிடைத்துவிட்டது. அத்தோடு எழுந்து போயிருக்கலாம்.

“நாளைக்கேவா?” என்று அவன் சிரித்தான். “நம்ம பல்லவிக்கு ஒரே தடவையில எதுவும் வராதே சார்.”

பல்லவி யார் என்று பெரியவர் கேட்டார். அவன் சொன்னான். ஒன்பது முறையையும் சொன்னான். சின்னவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இருபத்தைந்து வருடம் அந்த அறையில் எல்லோருடைய முட்டாள்தனத்தையும் ஒழுங்கான வாக்கியமாக மாற்றிக் கொடுத்தவன் நான். குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன். பேனா தாளைக் கிழித்தது. கூட்டம் முடிந்து வெளியே போகும்போது சின்னவர் என் தோளில் தட்டி, “வரட்டுமா பல்லவி,” என்றார்.

எங்கள் ஆலையில் ஒரு விதி உண்டு. முத்திரையிட்ட தீர்மான நகல் கைக்கு வராமல் எந்தக் கூடத்தையும் நிறுத்தக் கூடாது. முன்பு ஒருமுறை யாரோ வாய்வார்த்தையாகச் சொன்னதைக் கேட்டு மேலாளர் இயந்திரத்தை நிறுத்திப் பெரிய குழப்பமாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த விதியை எழுதியது நான். நல்ல விதி. இப்போதும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு நகல் தயார். தேதி போட்டு, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, மேசையின் மேல் இழுப்பறையில் அளவுகோலுக்கு அடியில் வைத்தேன். பெரியவர் கொடுத்த கெடுவை நான் தவறவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அனுப்பவில்லை, அவ்வளவுதான். அவன் என் அறைக்கு வரட்டும் என்று காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் போன் செய்தான். “அத்தான், நகல் ரெடியா?” வரைவு நடக்கிறது என்றேன். ஆறாம் நாளும் கேட்டான். முறைப்படி வரும் என்றேன். ஒன்பதாம் நாள் நேரிலேயே வந்தான். உள்ளே வரவில்லை, கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டான்.

“அன்னைக்கு வெளையாட்டுக்குத்தான் சொன்னேன். அதுக்குப் போய் மனசுல வச்சுக்கிட்டீங்களா? என்னை என்ன வேணா திட்டிக்குங்க அத்தான். கதவ மட்டும் சீக்கிரம் மாத்தணும், வெயில் ஏறுது.”

அது மன்னிப்பு இல்லை. மன்னிப்புக் கேட்கிறவன் நிலையில் சாய மாட்டான். உள்ளே வந்து உட்கார்ந்து, ‘தப்புதான்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இழுப்பறையைத் திறந்திருப்பேன். என் கை அதன் பிடியில்தான் இருந்தது. இன்னும் இரண்டு நாள் அலையட்டும் என்று நினைத்தேன். காத்திருப்பது என்றால் என்னவென்று அவனுக்கும் தெரிய வேண்டாமா? தேர்வு முடிவுக்காக நான் எத்தனை முறை காத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஸ்பஞ்சு பற்றிக்கொண்டது. முன்வாசல் பக்கம்தான் தீ. எல்லோரும் பின்கதவுக்கு ஓடியிருக்கிறார்கள். கூட்டம் நெருக்கியதால் உள்பக்கமாக இழுக்க இடமில்லை. பதினொரு பேர். அதில் உறைக்குச் சீட்டு தைக்கிற ஒரு அம்மா. மகளுக்குப் பள்ளி விண்ணப்பம் எழுதிக்கொண்டுவந்து முந்தின வாரம்தான் என்னிடம் காட்டினார். இரண்டு பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன்.

அன்று மாலை குறிப்பு எழுத உட்கார்ந்தேன். கூட்டக் குறிப்பை இன்னும் யாருக்கும் அனுப்பியிருக்கவில்லை. ‘கூடத்தின் கதவுகள் யாவும் நல்ல நிலையில் இருப்பதாகப் பாதுகாப்புப் பொறியாளர் தெரிவித்தார். குழு குறித்துக்கொண்டது’ என்று எழுதினேன். இரண்டே வாக்கியம்.

வரைவு ஐந்து இயக்குநர்களுக்குப் போனது. அழைப்பின் பேரில் வந்து பேசுகிறவர்களுக்கு அது போகாது, அதனால் மச்சினன் பார்க்கவில்லை. ஏழு நாளுக்குள் மறுப்புச் சொல்லலாம். அந்த ஐந்து பேரும் மூடச் சொன்னவர்கள். சொல்லிப் பன்னிரண்டு நாள் ஏன் யாரும் மூடவில்லை என்ற கேள்வி தங்களிடம் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவர் மட்டும் பதில் போட்டார். தன் பெயரின் தலைப்பெழுத்து தவறியிருக்கிறதாம். உயிர் விஷயம் என்ற பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார். என்னை மட்டும் கொலைகாரனைப் போலப் பார்க்கிறீர்களே, அந்த ஐந்து பேரை என்ன செய்யப் போகிறீர்கள்?

மச்சினன் உள்ளே போய்ப் பதினான்கு மாதமாகிறது. தான் எச்சரித்ததாக அவன் சொன்னான். குறிப்பேடு இல்லை என்றது. மனைவி வாரம் தவறாமல் போய்ப் பார்க்கிறாள். “நீங்க அங்கதானே இருந்தீங்க, அவன் என்ன சொன்னான்னு சொல்லுங்க,” என்று ஒரு நாள் என் சட்டையைப் பிடித்துக் கேட்டாள். ஏட்டில் இருப்பதுதான் நடந்தது என்றேன். சமையலறைச் சுவரைப் பார்த்துக் கேட்டுக் கேட்டு அவளே மனப்பாடம் செய்த பாடம். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை.

அந்த நகலை ஏன் கிழிக்கவில்லை என்று நீங்கள் கேட்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கையெழுத்தும் முத்திரையும் ஏறிய தாளைக் கிழிப்பதா? ஒன்பது முறை எழுதிப் பெற்ற தகுதி அது. என் மேசையைத் திறந்து நீங்கள் எடுத்தபோதும் அளவுகோலுக்கு அடியில் மடங்காமல்தான் இருந்தது.

ஆக, நகலை அனுப்பாமல் வைத்தது நான். பொய்க் குறிப்பு எழுதியது நான். இதில் நான் கையெழுத்துப் போட்டால் நாளைக்கே அவனை வெளியே விட ஏற்பாடு செய்யலாம் என்கிறீர்கள். போடுகிறேன். தாளைக் கொடுங்கள், படித்துப் பார்க்காமல் நான் எதிலும் போட்டதில்லை.

நாலாம் பக்கம், ஏழாவது வரி. ‘பதினொரு பேர் சாகக் காரணமாக இருந்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ‘நகல் அனுப்புவதில் தாமதம் ஏற்பட்டது’ என்று மாற்றுங்கள். அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும், முழுவதையும் தட்டச்சு செய்து கொண்டுவாருங்கள். அவசரமில்லை. இரண்டு நாள்தானே, அவன் காத்திருக்கட்டும்.